புரத அமைப்புக் கோப்பைத் திறந்து படிப்பது எப்படி? ஹீமோகுளோபினை வைத்து ஒரு வழிகாட்டி

பாடநூலில் புரதம் என்றால் வண்ண நாடாவாகச் சுருண்டு கிடக்கும் ஒரு படம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று ஆய எண்கள், அந்த அணு எந்த அமினோ அமிலத்தைச் சேர்ந்தது, எந்தச் சங்கிலியில் எத்தனையாவது இடம் என்ற விவரங்கள் எல்லாம் உண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படத்தைச் சுழற்றிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் வடிவம் மட்டுமே தெரியும். எது எதன் பக்கத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கத் தொடங்கினால் அந்த மூலக்கூறு ஏன் அப்படி வேலை செய்கிறது என்பதும் தெரியவரும். அப்படி அளந்து படிப்பதற்கான வரிசையைத்தான் இங்கே சொல்கிறோம்.

எடுத்துக்காட்டாக ஹீமோகுளோபினை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மாக்ஸ் பெரூட்ஸும் ஜான் கென்ட்ரூவும் முறையே ஹீமோகுளோபின், மயோகுளோபின் அமைப்புகளைக் கண்டறிந்ததற்காக 1962இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்றுமுதல் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்ட புரதங்கள் மிகக் குறைவு. ஆக்சிஜன் உள்ள நிலை, இல்லாத நிலை, நோய் தரும் வடிவம் என்று மூன்றுக்கும் கோப்புகள் கிடைக்கின்றன. அமைப்பும் செயலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் புரதம் கிடைப்பது அரிது.

தேவையானவை: இணைய இணைப்புள்ள ஒரு கணினி, நடுவில் சக்கரம் உள்ள சுட்டி, ஒரு நோட்டுப் புத்தகம். உலாவியிலேயே இயங்கும் மோல்ஸ்டார் காட்சிக் கருவி முதல் ஆறு படிகளுக்குப் போதும். இரண்டு அமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்த கைமெராஎக்ஸ் அல்லது பைமோல் மென்பொருள் வசதியாக இருக்கும். தொடுதிரையில் ஓர் அணுவைக் குறிபார்த்துத் தட்டுவது சிரமம் என்பதால் கைபேசி வேண்டாம்.

படி 1: சரியான கோப்பை எடுங்கள்

புரோட்டீன் டேட்டா பேங்க், சுருக்கமாக பிடிபி, 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கிய சேமிப்பகம். இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியத் தளங்கள் மூன்றிலும் தரவு ஒன்றுதான். பக்க வடிவமைப்புதான் வேறு. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் இலக்கத்தில் தொடங்கும் நான்கெழுத்துக் குறியீடு உண்டு.

தேடல் பெட்டியில் ஹீமோகுளோபின் என்று கொடுத்தால் நூற்றுக்கணக்கான பதிவுகள் வரும். அதில் குதிரை இருக்கும், மீன் இருக்கும், கார்பன் மோனாக்சைடு பிணைந்தது இருக்கும், ஆய்வுக்காக வேண்டுமென்றே ஓர் அமினோ அமிலத்தை மாற்றியதும் இருக்கும். முதலில் வந்ததைத் திறந்துவிடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்த உயிரியின் புரதம்? அதோடு என்ன பிணைந்திருக்கிறது? வரிசையில் மாற்றம் ஏதும் உண்டா? மூன்றுக்கும் பதில் பதிவின் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

நமக்கு வேண்டியவை மூன்று பதிவுகள். 4எச்எச்பி (4HHB): ஆக்சிஜன் இல்லாத மனித ஹீமோகுளோபின். 1எச்எச்ஓ (1HHO): ஆக்சிஜன் ஏறிய மனித ஹீமோகுளோபின். 2எச்பிஎஸ் (2HBS): அரிவாள் செல் நோய் தரும் ஹீமோகுளோபின், ஆக்சிஜன் இல்லாத நிலையில். குறியீட்டைத் தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். 1எச்எச்ஓவின் கடைசி எழுத்தான ஓவை பூஜ்யம் என்று எண்ணித் தட்டினால் பதிவு வராது.

பதிவிறக்கும்போது எம்எம்சிஐஎஃப் (mmCIF) என்ற கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய பிடிபி வடிவத்தில் அணு எண்ணுக்கு ஐந்து இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதனால் 99,999 அணுக்களுக்கு மேற்பட்ட ரைபோசோம் போன்ற பெரிய தொகுப்புகளை அதில் ஒரே கோப்பாக எழுத முடியாது. ஹீமோகுளோபினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் தொடக்கத்திலிருந்தே புதிய வடிவத்தில் பழகிக்கொள்வது நல்லது.

படி 2: படத்துக்கு முன் எண்களைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் தவறான முடிவுக்கு வருகிறார்கள். கோப்பில் இருப்பது புரதத்தின் நேரடிப் புகைப்படம் அல்ல. சோதனையில் கிடைத்த தரவுக்கு ஏற்ப ஆய்வாளர்கள் கட்டிய மாதிரி. சில பகுதிகளுக்கு ஆதாரம் வலுவாக இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது. திரையில் இரண்டும் ஒரே பளபளப்போடுதான் தெரியும்.

முதலில் முறை. எக்ஸ்-கதிர்ப் படிகவியல், கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி, என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். என்எம்ஆர் பதிவில் பெரும்பாலும் இருபது மாதிரிகள் வரை ஒன்றாக அடுக்கியிருக்கும். பிரிதிறன் என்ற எண்ணே இராது.

அடுத்து பிரிதிறன், அதாவது எவ்வளவு நுண்ணிய விவரம் வரை தரவு காட்டுகிறது என்பது, ஆங்ஸ்ட்ராம் அலகில். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இந்த எண் சிறியதாக இருக்க இருக்கத் தெளிவு அதிகம். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்வதுண்டு. 1 ஆங்ஸ்ட்ராம் அளவில் ஒவ்வோர் அணுவும் தனித்தனியே தெரியும். 2 என்றால் பக்கச் சங்கிலிகளும் (ஒவ்வோர் அமினோ அமிலத்திலிருந்தும் கிளைத்து நிற்கும் பகுதி) இறுகப் பிணைந்த நீர் மூலக்கூறுகளும் நம்பும்படி இருக்கும். 3ஐத் தொடும்போது பக்கச் சங்கிலிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதே சந்தேகத்துக்கு உரியது. 3.5ஐத் தாண்டினால் முதன்மைச் சங்கிலி, அதாவது அமினோ அமிலங்களைத் தொடர்ச்சியாகக் கோக்கும் முதுகெலும்பு, போகும் பாதையை மட்டும் நம்புங்கள். ஹைட்ரஜன் பிணைப்பை அளக்கப் போகாதீர்கள். 4எச்எச்பியின் பிரிதிறன் 1.74, 1எச்எச்ஓவுக்கு 2.1, 2எச்பிஎஸ்ஸுக்கு 2.05. மூன்றுமே நம் வேலைக்குப் போதும்.

மூன்றாவது, ஆர்-ஃப்ரீ. தரவில் ஒரு பகுதியை, வழக்கமாக 5 முதல் 10 விழுக்காட்டை, மாதிரியைச் செப்பனிடும்போது பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, முடிந்த மாதிரி அந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதே இந்த அளவு. 2 ஆங்ஸ்ட்ராம் அமைப்பில் 0.20 முதல் 0.25 வரை இருந்தால் இயல்பு. செப்பனிடப் பயன்படுத்திய தரவிலிருந்து மாதிரி விலகும் அளவான சாதாரண ஆர் மதிப்புக்கும் இதற்கும் இடைவெளி 0.07ஐத் தாண்டினால், தரவு தாங்கும் அளவுக்கு மேல் மாதிரியை இழுத்துப் பொருத்தியிருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். இந்த அளவு 1992இல்தான் அறிமுகமானது. 4எச்எச்பி வந்தது 1984இல். அதனால் அவ்வளவு பழைய பதிவுகளில் அந்த இடம் காலியாக இருந்தால் அது குறையல்ல.

பதிவுப் பக்கத்தில் சிவப்பிலிருந்து நீலத்துக்கு ஓடும் பட்டைகள் சில இருக்கும். அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் அளவு, முதன்மைச் சங்கிலிக் கோணங்கள் விதி மீறும் விழுக்காடு போன்றவற்றை மற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டுக் காட்டும் பட்டைகள் அவை. குறி நீலத்தின் பக்கம் நின்றால் நல்லது. பழைய பதிவுகள் சிவப்பின் பக்கம் நிற்பது பரவலாகக் காணப்படுவதுதான். அப்போதிருந்த செப்பனிடும் மென்பொருள்கள் அவ்வளவுதான் செய்தன. உங்கள் முடிவு ஓர் அணுவின் இடத்தை நம்பித்தான் நிற்கிறது என்றால், புதிய பதிவொன்றோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஆக்சிஜன் இல்லாத மனித ஹீமோகுளோபினுக்கு 1.25 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் 2டிஎன்2 (2DN2) என்ற பதிவு 2006இல் வந்தது.

படி 3: முழு மூலக்கூறுதானா?

4எச்எச்பியைத் திறந்தால் நான்கு சங்கிலிகள் தெரியும். ஏ, சி இரண்டும் ஆல்ஃபா வகைச் சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் 141 அமினோ அமிலங்கள். பி, டி இரண்டும் பீட்டா வகை, ஒவ்வொன்றிலும் 146. மொத்தம் 574. ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக 110 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) என்று வைத்துப் பெருக்கினால் 63,000 சொச்சம் வரும். நடுவில் இரும்பு அணுவைத் தாங்கும் தட்டையான வளையமான ஹீம் நான்கு சேர்ந்தால் உண்மையான மதிப்பான ஏறத்தாழ 64,500க்கு அருகில் வந்துவிடும். எந்தப் புரதத்தைத் திறந்தாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெரிய இடைவெளி வந்தால் கோப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது 1எச்எச்ஓவின் ஆயங்களை அப்படியே திறங்கள். இரண்டே சங்கிலிகள்! பாதி ஹீமோகுளோபின் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. படிகத்தில் ஒரே அலகு சமச்சீராகத் திரும்பத் திரும்ப வருவதால், திரும்ப வராத குறைந்தபட்சப் பகுதியை மட்டும் எழுதினால் போதும் என்பது வழக்கம். அதற்குச் சமச்சீரற்ற அலகு என்று பெயர். அதைச் சமச்சீர் விதிப்படி நகலெடுத்து உருவாக்குவதே உயிரியல் தொகுப்பு. உடலில் வேலை செய்யும் வடிவம் அதுதான். சில பதிவுகளில் நிலைமை நேரெதிர்: 2எச்பிஎஸ் கோப்பில் எட்டுச் சங்கிலிகள், அதாவது இரண்டு முழு ஹீமோகுளோபின்கள் இருக்கின்றன.

மோல்ஸ்டாரில் அமைப்புப் பலகத்தில் தொகுப்பு என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் முழு மூலக்கூறும் வரும். தொகுப்பைத் தனிக் கோப்பாகப் பழைய வடிவத்தில் இறக்கினால் ஒரு சிக்கல் உண்டு. நகல் சங்கிலிகள் அதே பெயரோடு இரண்டாவது மாதிரி என்று எழுதப்பட்டிருக்கும். சில மென்பொருள்கள் முதல் மாதிரியை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். இரண்டாவதையும் காட்டும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 4: சங்கிலியின் பாதையைப் பின்பற்றுங்கள்

நாடாக் காட்சியில் ஒரே ஒரு சங்கிலியை, ஏவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்துவிடுங்கள். நைட்ரஜன் முனையிலிருந்து கார்பன் முனை வரை நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் நிறம் கொடுங்கள். சங்கிலிப் பகுதிகள் பக்கம்பக்கமாக விரிந்து அமையும் பீட்டா தாள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஆல்ஃபா சுருள்களும் அவற்றை இணைக்கும் வளைவுகளும்தான் (இந்த ஆல்ஃபா, பீட்டா வடிவப் பெயர்களுக்கும் சங்கிலி வகைகளின் பெயர்களுக்கும் தொடர்பில்லை). சுருள்களுக்கு ஏ, பி என்று தொடங்கி எச் வரை பெயர். ஆல்ஃபா சங்கிலியில் டி சுருள் இல்லை, பீட்டாவில் உண்டு. சுருளின் பெயரும் சங்கிலியின் பெயரும் ஒரே எழுத்துகளில் வருவதால் குறிப்பெடுக்கும்போது சுருள் எஃப், சங்கிலி பி என்று முழுதாக எழுதுங்கள்.

ஒரு சுருளை அளந்து பார்ப்போம். அடுத்தடுத்த இரண்டு அமினோ அமிலங்களின் ஆல்ஃபா கார்பன்களுக்கு (பக்கச் சங்கிலி கிளைக்கும் கார்பன்) இடையே 3.8 ஆங்ஸ்ட்ராம் வரும். சுருளோ நீட்சியோ, எந்தப் புரதமானாலும் இந்த எண் கிட்டத்தட்ட மாறாது; பெப்டைட் பிணைப்பு தட்டையாக இருப்பதே காரணம். புரோலினுக்கு முன்னால் எப்போதாவது வரும் சிஸ் வடிவத்தில் (இரண்டு ஆல்ஃபா கார்பன்களும் பிணைப்பின் ஒரே பக்கம் இருக்கும் வடிவம்) மட்டும் இது 3க்கு அருகில் குறையும். அடுத்து, ஓர் அமினோ அமிலத்தின் முதன்மைச் சங்கிலி ஆக்சிஜனிலிருந்து நான்கு இடம் தள்ளியுள்ள அமினோ அமிலத்தின் முதன்மைச் சங்கிலி நைட்ரஜனுக்கு அளங்கள். 2.9 ஆங்ஸ்ட்ராம் அளவில் வரும். சுருளைத் தாங்கி நிற்கும் ஹைட்ரஜன் பிணைப்பு அது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள், 5.4 ஆங்ஸ்ட்ராம் உயரம்.

அளக்கும்போது நேரும் வழக்கமான தடுமாற்றம் ஒன்று. மோல்ஸ்டாரில் தேர்வு அலகு இயல்பாக முழு அமினோ அமிலத்துக்கு அமைந்திருக்கும். அப்படியே அளந்தால் இரண்டு அமினோ அமிலங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்தான் கிடைக்கும். தேர்வு அலகை அணு என்று மாற்றிய பிறகே அளவெடுங்கள்.

முதன்மைச் சங்கிலி எப்படி வேண்டுமானாலும் முறுக்கிக்கொள்ள முடியாது. அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்கள் சாத்தியம் என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். இன்று வெளியாகும் ஒவ்வொரு புரத அமைப்பும் இராமச்சந்திரன் வரைபடத்தை வைத்தே சரிபார்க்கப்படுகிறது. சரிபார்ப்பு அறிக்கையில் அதைத் திறந்து பாருங்கள்: முதன்மைச் சங்கிலியின் இரண்டு முறுக்குக் கோணங்களான ஃபை, சை அதன் அச்சுகள்; ஹீமோகுளோபினின் புள்ளிகள் ஃபை கழித்தல் 60, சை கழித்தல் 45 பாகைக்கு அருகே அடர்ந்து குவிந்திருக்கும். விலக்கப்பட்ட பகுதியில் ஒரு புள்ளி கிளைசினாக இருந்தால் கவலை இல்லை. அதற்குப் பக்கச் சங்கிலி கிடையாது. வேறு எதுவாக இருந்தாலும் அந்த இடத்தை நெருங்கிப் பார்க்காமல் விடக் கூடாது.

படி 5: உள்ளே என்ன, வெளியே என்ன?

நீர் வெறுக்கும் தன்மைக்கு ஏற்ப நிறம் கொடுத்து, மூலக்கூறை நடுவில் வெட்டிப் பாருங்கள். லியூசின், வாலின், ஃபெனைல்அலனின் எல்லாம் உள்ளே அடைந்திருக்கும். லைசின், குளூட்டமேட், ஆஸ்பார்டேட் வெளியே நீரைப் பார்த்து நிற்கும். மின்னூட்டமுள்ள ஒன்று உள்ளே புதைந்திருந்தாலோ நீர் வெறுக்கும் ஒன்று மேற்பரப்பில் வெளிப்பட்டு நின்றாலோ அங்கே ஒரு காரணம் இருக்கும்: வினை நிகழும் இடம், மற்றொரு புரதத்தோடு சேரும் இடம், அல்லது மாதிரியில் பிழை. நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், படி 8இல் இது தேவைப்படும்.

படி 6: ஹீமை நெருங்குங்கள்

இங்கே அவசரப்பட வேண்டாம். ஏ சங்கிலியின் ஹீமைச் சொடுக்கினால் காட்சி அங்கே நெருங்கி, சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் குச்சிகளாகத் தெரியும். நைட்ரஜன் நீலம், ஆக்சிஜன் சிவப்பு, கந்தகம் மஞ்சள். இது எல்லா மென்பொருளுக்கும் பொதுவான வழக்கம்.

தட்டையான வளையத்தின் நடுவே ஓர் இரும்பு அணு. வளையத்தின் நான்கு நைட்ரஜன்கள் அதைப் பிடித்திருக்கின்றன. ஐந்தாவது பிடி கீழே, சுருள் எஃப்பில் உள்ள ஹிஸ்டிடின் 87. பீட்டாவில் அது 92. இரும்பிலிருந்து அந்த நைட்ரஜனுக்கு அளந்தால் 2 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று அதிகமாக வரும். ஒரு வேதிப் பிணைப்பின் தூரம். மறுபக்கம் ஹிஸ்டிடின் 58 நிற்கிறது, பீட்டாவில் 63. இது இரும்பைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள காலியிடத்தில்தான் ஆக்சிஜன் வந்து அமரும். 1எச்எச்ஓவில் அதே இடத்துக்குப் போனால் ஆக்சிஜன் மூலக்கூறு சாய்ந்து அமர்ந்திருப்பது தெரியும்.

இப்போது வளையத்தைப் பக்கவாட்டில், ஒரு கோடாகத் தெரியும்படி திருப்புங்கள். 4எச்எச்பியில் இரும்பு வளையத்தின் தளத்தில் இல்லை. ஹிஸ்டிடின் 87இன் பக்கமாக ஏறத்தாழ 0.4 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்கிறது. ஆக்சிஜன் ஏறிய நிலையில் தளத்துக்குள் வந்துவிடுகிறது. அரை ஆங்ஸ்ட்ராம்கூட இல்லாத இந்த நகர்வுதான் ஹிஸ்டிடினை இழுக்கிறது. ஹிஸ்டிடின் சுருள் எஃப்பை இழுக்கிறது. சுருள் அசைந்தால் சங்கிலிகள் சந்திக்கும் எல்லை குலைகிறது. ஒரு ஹீமில் ஆக்சிஜன் சேர்ந்ததும் மற்ற ஹீம்களுக்கு ஆக்சிஜனைப் பிடிப்பது எளிதாவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அருகில் சுற்றிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன். ஹீம் குழிக்குள் மட்டும் நீர் வெறுக்கும் பக்கச் சங்கிலிகளே சூழ்ந்திருக்கின்றன. புரதத்தை விட்டு வெளியே எடுத்த ஹீமின் இரும்பு ஆக்சிஜனைச் சந்தித்ததும் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பயனற்றுப் போகும். குழி அதைத் தடுக்கிறது. கோப்பில் ஃபாஸ்பேட் அயனிகளும் தென்படும். படிக வளர்ப்புக் கரைசலில் இருந்த உப்பு, கிளிசரால் போன்றவை இப்படி ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. கோப்பில் இருக்கிறது என்பதற்காக அது புரதத்தின் வேலைக்கு உரியது என்று முடிவுகட்டக் கூடாது.

படி 7: இரண்டு நிலைகளை ஒப்பிடுங்கள்

4எச்எச்பியையும் 1எச்எச்ஓவின் முழுத் தொகுப்பையும் கைமெராஎக்ஸில் திறந்து, அதிலுள்ள மேட்ச்மேக்கர் என்ற பொருத்தும் கருவியைக் கொண்டு பொருத்துங்கள். எதை எதன்மேல் பொருத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான்கு சங்கிலிகளையும் சேர்த்துப் பொருத்தினால் வித்தியாசம் எல்லாப் பக்கமும் பரவி, எல்லாமே கொஞ்சம் நகர்ந்ததுபோலத் தெரியும், எதுவும் புரியாது. ஏ சங்கிலியை மட்டும் ஏ சங்கிலிமேல் பொருத்துங்கள். அதன் துணையான பி சங்கிலியும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தி விழும். மற்ற இணை ஏறத்தாழ 15 பாகை திரும்பி நிற்கும். ஹீமோகுளோபின் இரண்டு உறுதியான இணைகளாக நகர்கிறது என்பது அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து எல்லையை அளப்போம். 4எச்எச்பியில் ஏ சங்கிலியின் டைரோசின் 42இன் ஹைட்ராக்சில் ஆக்சிஜனிலிருந்து, பி, டி இரண்டு சங்கிலிகளின் ஆஸ்பார்டேட் 99க்கும் தனித்தனியே அளங்கள். ஒன்று வெகு தொலைவில் இருக்கும். மற்றது ஹைட்ரஜன் பிணைப்புத் தூரத்தில் இருக்கும். பக்கத்தில் இருப்பது எந்தச் சங்கிலியோ அந்த எல்லைதான் நகரும் எல்லை. அதே அளவை ஆக்சிஜன் ஏறிய அமைப்பில் எடுங்கள்: பிணைப்பு அறுந்திருக்கும். அதற்குப் பதிலாக ஆல்ஃபாவின் ஆஸ்பார்டேட் 94க்கும் பீட்டாவின் அஸ்பராஜின் 102க்கும் இடையே புதிய பிணைப்பு உருவாகியிருக்கும். பீட்டாவின் கடைசி அமினோ அமிலமான ஹிஸ்டிடின் 146ஐயும் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத நிலையில் அது தன் சங்கிலியின் ஆஸ்பார்டேட் 94ஓடு உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பு) அமைக்கிறது. அமிலத்தன்மை கூடும்போது இந்த ஹிஸ்டிடின் புரோட்டானை ஏற்று நேர்மின்னூட்டம் பெறுவதால் பாலம் வலுக்கிறது. ஆக்சிஜன் விடுபடுவது எளிதாகிறது. போர் (Bohr) விளைவு என்று பாடத்தில் படிப்பதில் ஒரு பெரும் பங்கு இந்த ஓர் இடத்திலிருந்து வருகிறது.

தூரங்களைப் படிக்க ஒரு நடைமுறை அளவுகோல்: ஹைட்ரஜன் பிணைப்பில் இரண்டு கன அணுக்களுக்கு (ஹைட்ரஜன் அல்லாத அணுக்கள்) இடையே 2.6 முதல் 3.5 வரை, உப்புப் பாலம் 4க்குள், நீர் வெறுக்கும் தொடுகையில் கார்பன்களுக்கு இடையே 3.5 முதல் 4.5 வரை, இரண்டு சிஸ்டீன்களுக்கு இடையிலான கந்தகப் பாலம் 2.05. பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் 2.2க்குள் நெருங்கியிருந்தால் மாதிரியில் பிழை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். எக்ஸ்-கதிர் அமைப்புகளில் ஹைட்ரஜன் பெரும்பாலும் தெரியாது. ஒரே எலக்ட்ரான் என்பதால் கதிரைச் சிதறடிக்கும் திறன் மிகக் குறைவு. அதனால்தான் கன அணுக்களுக்கு இடையே அளக்கிறோம். இரண்டாவது, அஸ்பராஜின், குளூட்டமின் பக்கச் சங்கிலி முனையில் நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் எலக்ட்ரான் எண்ணிக்கையில் ஒன்றுதான் வித்தியாசம். எது எது என்று தரவில் பிரித்தறிவது கடினம். கோப்பில் இடம் மாறி இருக்கலாம். இரண்டு ஆக்சிஜன்கள் எதிரெதிரே நெருங்கி நிற்பதுபோல் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மோல்ப்ராபிட்டி என்ற இலவசக் கருவி, திருப்ப வேண்டியவற்றைப் பட்டியலிட்டுத் தரும்.

அளக்கும் அணுவின் பி-மதிப்பையும் பார்த்துவிடுங்கள். அணு தன் இடத்திலிருந்து எவ்வளவு அலைகிறது என்பதை அது காட்டும். 20 என்றால் அலைவு சராசரியாக அரை ஆங்ஸ்ட்ராம். 80 என்றால் ஓர் ஆங்ஸ்ட்ராம். பி-மதிப்பு 80 உள்ள இரண்டு அணுக்களுக்கு இடையே 2.93 என்று எழுதினால் அந்தத் தசமங்களுக்குப் பொருளே இல்லை.

படி 8: ஒரே ஒரு மாற்றம்

அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலியின் 6ஆம் இடத்துக் குளூட்டமேட் வாலினாக மாறுகிறது. 4எச்எச்பியில் அந்த இடம் மேற்பரப்பில், நீரைப் பார்த்து இருக்கிறது. மின்னூட்டமுள்ள ஒன்று இருந்த இடத்தில் நீர் வெறுக்கும் ஒன்று. 2எச்பிஎஸ்ஸைத் திறந்து பீட்டா சங்கிலிகளின் வாலின் 6 ஒவ்வொன்றையும் சொடுக்கிச் சுற்றிலும் பாருங்கள். ஒன்று மட்டும் அடுத்த ஹீமோகுளோபின் மூலக்கூறின் ஃபெனைல்அலனின் 85, லியூசின் 88 சேர்ந்து அமைத்த குழிக்குள் நுழைந்திருக்கும். இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போய் நீண்ட இழையாகி, சிவப்பணுவை வளைத்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத வடிவத்தில்தான் மூலக்கூறுகள் இப்படி ஒழுங்காகக் கோத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த திசுக்களில் செல் வளைவதற்கு அதுவே காரணம்.

எண்ணிடுதலில் ஒரு கண்ணி இருக்கிறது. மரபணுத் தரவுத்தளங்கள் தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகின்றன. முதிர்ந்த புரதத்தில் அது வெட்டப்பட்டுவிடும். எனவே அதே மாற்றம் அங்கே 7ஆம் இடம் என்று எழுதப்பட்டிருக்கும். 7ஐ நம்பி 4எச்எச்பியில் பார்த்தால் அங்கேயும் ஒரு குளூட்டமேட்தான் இருக்கும்! பிழை கண்ணில் படாமலேயே போய்விடும். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் முன்னும் பின்னும் இரண்டிரண்டு அமினோ அமிலங்களை ஒப்பிடுங்கள். இங்கே 4 திரியோனின், 5 புரோலின், 6 குளூட்டமேட், 7 குளூட்டமேட், 8 லைசின்.

படி 9: கணினி முன்கணித்த மாதிரிகள்

சோதனை அமைப்பு இல்லாத புரதங்களுக்கு ஆல்ஃபாஃபோல்ட் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட முன்கணிப்புகள் கிடைக்கின்றன. இதற்கு வழிவகுத்த டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024 வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மிகப் பயனுள்ள கருவி. ஆனால் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை அங்கே தேடி எடுத்துப் பாருங்கள்: சுருள்கள் எல்லாம் அழகாக அமைந்திருக்கும், ஹீம் இராது, அது அமர வேண்டிய குழி காலியாக இருக்கும். மற்ற மூன்று சங்கிலிகளும் இரா. மேலே நாம் அளந்த அளவுகளில் பெரும்பாலானவற்றை அந்த மாதிரியில் அளக்கவே முடியாது.

அங்கே ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் நம்பக மதிப்பெண் உண்டு. 90க்கு மேல் என்றால் பக்கச் சங்கிலி வரை நம்பலாம். 70 முதல் 90 வரை முதன்மைச் சங்கிலி சரி. 50க்குக் கீழே என்றால் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளவே வேண்டாம், பல நேரம் அது உண்மையிலேயே நிலையான வடிவமில்லாத பகுதியாக இருக்கும். இந்த மதிப்பெண்ணைக் கோப்பில் பி-மதிப்புக்கான நிரலில்தான் எழுதுகிறார்கள். பி-மதிப்பில் பெரிய எண் தெளிவின்மை. இங்கே பெரிய எண் நம்பகம். மென்பொருளில் பி-மதிப்புப்படி நிறம் கொடுத்தால் உறுதியான பகுதி தளர்வானதாகவும் தளர்வானது உறுதியாகவும் தெரியும்.

டிஎன்ஏ, சர்க்கரைச் சங்கிலிகளுக்கு

இதே வரிசை டிஎன்ஏவுக்கும் பொருந்தும். 12 கார இணைகள் கொண்ட 1பிஎன்ஏ (1BNA) பதிவில் தொடங்குங்கள். அடுத்தடுத்த இணைகளுக்கு இடையே ஏறத்தாழ 3.4 ஆங்ஸ்ட்ராம், அகன்ற பள்ளமும் குறுகிய பள்ளமும் தெளிவாகத் தெரியும். புரதத்தோடு ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகளில் கவனம் தேவை. அவை அதிகம் அலைவதால் பெரும்பாலும் அடியில் உள்ள ஒன்றிரண்டு சர்க்கரைகளை மட்டுமே மாதிரியில் கட்டியிருப்பார்கள். சில நேரம் படிகமாக்கும் முன்பே நொதியால் வெட்டிவிடுவார்கள். கோப்பில் சங்கிலி குட்டையாக இருக்கிறது என்பதால் உடலிலும் அப்படியே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒவ்வோர் அளவையும் நோட்டில் எழுதும்போது பதிவுக் குறியீடு, தொகுப்பா சமச்சீரற்ற அலகா, சங்கிலி எழுத்து, அமினோ அமிலத்தின் பெயரும் எண்ணும், அணுவின் பெயர், பி-மதிப்பு ஆகிய ஆறும் இருக்கட்டும். மென்பொருளின் அமர்வுக் கோப்பையும் சேமித்துவையுங்கள். அமர்வு திறக்காமல் போனாலும் இந்த ஆறு விவரங்களைக் கொண்டு வேறு எந்த மென்பொருளிலும் அதே அளவை மீண்டும் எடுத்துவிடலாம்.